1954 அலபாமா அட்டர்னி ஜெனரல் தேர்தல்: ஜெயித்த 17ஆம் நாள் சுடப்பட்ட வேட்பாளர்

ஆற்றங்கரையான் (இழை தொடக்கம்)

அமெரிக்கத் தேர்தல் என்றால் நம்மில் பலர் ஜனாதிபதியோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத்தான் உட்கார வைக்கிறார்கள். 50 மாநிலங்களில் 43இல் இந்த வழக்கம். அட்டர்னி ஜெனரல் என்று பெயர். ஓட்டுச்சீட்டில் கவர்னருக்குக் கீழே எங்கோ கிடக்கும் பதவி. பாதிப் பேர் யோசிக்காமலே குத்திவிட்டுப் போவார்கள். ஆனால் 1954இல் அலபாமாவில் இந்தப் பதவிக்காக ஒரு கொலை விழுந்தது. பாதாளக் கூட்டம் பத்து வருஷத்துக்கு மேல் ஆண்ட ஒரு ஊர் பட்டாளத்தின் கைக்குப் போனது.

ஊர் ஃபீனிக்ஸ் சிட்டி. அரிசோனாவில் இருக்கிற ஃபீனிக்ஸ் இல்லை. அலபாமாவின் கிழக்கு ஓரம், சட்டஹூச்சி ஆற்றங்கரை. பாலம் தாண்டினால் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரம், அதை ஒட்டி ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம். சம்பள நாளில் சிப்பாய்கள் பாலம் தாண்டி வருவார்கள். 14ஆம் தெருவிலும் டில்லிங்ஹாம் தெருவிலும் வரிசையாகச் சூதாட்டக் கிளப்புகள், விபசார விடுதிகள். ஈயம் வைத்த தாயக்கட்டையும் அடையாளமிட்ட சீட்டுக்கட்டும் அந்த ஊரிலேயே தயாராகி வெளியூருக்கும் போயின. ஷெரிஃப் ஆபீஸ், கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வழக்கறிஞர், நகரசபை எல்லாம் ஒரே பையில்.

இதை எதிர்த்து 1951இல் உள்ளூர்க்காரர்கள் ரஸ்ஸல் முன்னேற்றச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ஹியூ பென்ட்லி. 1952 ஜனவரியில் அவர் வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். குடும்பம் பிழைத்தது அதிர்ஷ்டம். அதே வருஷத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலிலேயே அவரையும் கூட வந்தவர்களையும் அடித்துப் போட்டார்கள். யார் மேலும் வழக்கு நிற்கவில்லை.

உள்ளூரில் எவ்வளவு முட்டினாலும் ஆகாது, மாநில அளவில் அதிகாரம் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் அவர்களுடைய வக்கீல் ஆல்பர்ட் பேட்டர்சன். வயது 60. முதல் உலகப் போரில் காயம்பட்டுக் கைத்தடியோடு நடப்பவர், முன்னாள் மாநில செனட்டர். 1954இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் நின்றார். அன்றைய அலபாமாவில் குடியரசுக் கட்சி பெயரளவுக்குத்தான். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்று ஆகிவிட்டால் நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம்.

மே 4 முதல் சுற்றில் பேட்டர்சன் முதலிடம், ஆனால் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. மெக்டொனால்ட் கேலியன் வெளியேற, ஜூன் 1 மறுசுற்றில் பேட்டர்சனுக்கும் லீ போர்ட்டருக்கும் நேரடிப் போட்டி. மாநிலம் முழுவதும் எண்ணி முடித்தபோது பேட்டர்சன் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் ஜெயித்திருந்தார்.

ஜூன் 17 ராத்திரி ஊரில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, தான் பதவிப் பிரமாணம் எடுப்பதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்றார். மறுநாள் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கோல்ட்டர் கட்டடத்தின் மாடியில் இருந்த ஆபீஸைப் பூட்டிவிட்டு இறங்கி, பக்கத்துச் சந்தில் நிறுத்தியிருந்த காரில் ஏறப் போனார். அங்கேயே சுட்டார்கள். ஒரு குண்டு வாயில். தள்ளாடி நாலடி நடந்து ஐந்தாம் அவென்யூ நடைபாதையில் விழுந்தார்.

மீதியைக் கேள்வி வர வரச் சொல்கிறேன்.

---

சின்னத்துரை77

அண்ணே, சினிமாக் கதை மாதிரி இருக்கு. ஒரு விஷயம் இடிக்குது. உள்ளூர் போலீஸ், ஷெரிஃப், கவுண்டி வக்கீல் எல்லாம் கையில வச்சிருக்கிற கூட்டம், எங்கயோ தலைநகர்ல ஃபைல் பார்க்கிற ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு பயப்படணும்? நம்ம ஊர்ல அட்வகேட் ஜெனரல் மாறுறது ஹைகோர்ட் கேன்டீன்ல கூடப் பெரிய செய்தி இல்லையே.

---

கோர்ட் குமாஸ்தா

தம்பி, இரண்டும் வேறு வேறு பதவி. நம் அட்வகேட் ஜெனரல் அரசியல் சாசனத்தின் 165ஆவது பிரிவுப்படி ஆளுநர் நியமிப்பவர். மந்திரிசபை பரிந்துரைக்கும், ஆட்சி மாறினால் அவரும் எழுந்து போவார். அரசுக்குச் சட்ட ஆலோசனை, கோர்ட்டில் அரசு சார்பாக வாதம். கிரிமினல் வழக்கு நடத்துவது பப்ளிக் பிராசிக்யூட்டர் வேலை, புலன்விசாரணை போலீஸ் வேலை.

அலபாமாவில் அப்படி இல்லை. அங்கே கிரிமினல் வழக்கு நடத்துபவர் சர்க்யூட் சொலிசிட்டர். அவரும் அந்த வட்டாரத்தில் ஓட்டு வாங்கி வருபவர். அவரை யாரும் மாற்ற முடியாது, வழக்கு போடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. அவரைத் தாண்டி உள்ளே வந்து "இந்த வழக்கை இனிமேல் நான் நடத்துகிறேன்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அட்டர்னி ஜெனரல். கிராண்ட் ஜூரி (ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு) முன்னால் அவரே நேராகப் போய் நிற்கலாம்.

ரஸ்ஸல் கவுண்டி சொலிசிட்டர் ஆர்ச் ஃபெரல். அந்த ஊரில் ஆண்டுக்கணக்காகச் சூதாட்டக் கிளப் முதலாளி யாரும் பெரிதாகத் தண்டனை வாங்காததற்கு அவர் நாற்காலிதான் பாதுகாப்பு. பேட்டர்சன் ஜெயித்தால் அந்த நாற்காலிக்கு மதிப்பு இல்லை. இதுவே வேறு ஊர்க்காரர் யாராவது ஜெயித்திருந்தால் சமாளித்திருப்பார்கள். இவர் அதே ஊர்க்காரர், யார் யார் எந்த நாளில் எங்கே கவர் வாங்கினார்கள் என்பதுவரை தெரிந்தவர்.

---

மல்லிகா எஸ்

தெரிந்தவர் என்பது சரி. எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டாமா? அந்த ஊரின் பெரிய முதலாளி ஹாய்ட் ஷெப்பர்ட் 1946இல் கொலை வழக்கில் மாட்டியபோது அவருக்காக வாதாடிய வக்கீல்களில் பேட்டர்சனும் ஒருவர். ஷெப்பர்ட் விடுதலை ஆனார். அதே வருஷம்தான் பேட்டர்சன் செனட்டுக்கும் போனார். இழையின் தொடக்கப் பதிவில் அவரைத் தியாகி மாதிரி காட்டிவிட்டு இதை விட்டுவிட்டீர்கள்.

---

ஆற்றங்கரையான்

விடவில்லை மேடம், கேள்வி வரும் என்று வைத்திருந்தேன் :)

வக்கீல் கட்சிக்காரனுக்கு வாதாடுவது குற்றமா என்பதைக் குமாஸ்தா சார்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் வக்கீல் தொழில் செய்துகொண்டு அந்தக் கூட்டத்தோடு ஒட்டு உறவே இல்லாமல் இருந்திருக்க முடியாது. 40களின் கடைசியில்தான் அவர் விலக ஆரம்பித்தார். என் பார்வையில் எதிரிகளுக்கு அவரிடம் இருந்த பகை அதனாலேயே கூடுதல். பென்ட்லி ஆரம்பத்திலிருந்தே வெளியாள். இவர் கூட்டத்தோடு பழகிவிட்டு எதிர்ப்பக்கம் போனவர். அப்படிப் போனவனை எந்தக் கூட்டமும் மன்னிக்காது.

---

பீச்ட்ரீ குமார்

நான் இருப்பது அட்லாண்டா பக்கம். கொலம்பஸ் இங்கிருந்து ஒன்றரை இரண்டு மணி நேர டிரைவ். ஆற்றில் ராஃப்டிங் விடுகிறார்கள், பையனுக்காகப் போனோம். படகு ஒரு பக்கம் ஜார்ஜியா, மறுபக்கம் அலபாமா என்று இடையில் போகும். சட்டப்படி அலபாமா முழுக்க ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டும். ஆனால் ஃபீனிக்ஸ் சிட்டிக்காரர்கள் கொலம்பஸ் நேரத்தைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். வேலை, கடை எல்லாம் அக்கரையில் என்பதால்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1954 விவகாரத்தை வெளியே கொண்டுவந்ததும் அக்கரைப் பத்திரிகைதான். கொலம்பஸ் லெட்ஜர். ஃபீனிக்ஸ் சிட்டி போலீஸின் கை எட்டாத மாநிலத்தில் அச்சடித்தார்கள். 1955இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

பேட்டர்சனுக்கு மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியில் தலைமைச் செயலக வளாகத்திலேயே சிலை வைத்திருக்கிறார்கள்.

---

சின்னத்துரை77

சரி, ஓட்டு எண்ணிக்கைக்கு வாங்க. ஆயிரத்துக்கும் கீழ வித்தியாசம்னா யாரும் கை வைக்காமலா விட்டிருப்பாங்க? ஃபீனிக்ஸ் சிட்டியில மட்டும் ஆயிரம் கள்ள ஓட்டு போட்டிருக்கலாமே.

---

ஆற்றங்கரையான்

போட்டிருப்பார்கள், ஓட்டை விலைக்கு வாங்கியும் இருப்பார்கள். அது அந்த ஊரில் ஒவ்வொரு தேர்தலிலும் நடந்ததுதான். கதையைத் திருப்பிப் போட்டது அதுவல்ல. பர்மிங்காம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியில், ஓட்டுப் போட்டு முடித்த பிறகு நடந்த வேலை.

மறுசுற்று முடிந்ததும் ஒவ்வொரு கவுண்டியின் கட்சிக் கமிட்டியும் சாவடி வாரியாகக் கூட்டி, கையெழுத்துப் போட்டுத் தலைமைக்கு அனுப்ப வேண்டும். ஜெஃபர்சன் கவுண்டி கமிட்டித் தலைவர் லமார் ரீட் என்ற இளம் வக்கீல். அவரைப் பர்மிங்காமில் ஒரு ஹோட்டல் அறைக்கு வரவழைத்தார்கள். அறையில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் நம் ஆர்ச் ஃபெரல். இன்னொருவர் சை காரெட்.

சை காரெட் யார் தெரியுமா? அன்றைய தேதியில் பதவியில் இருந்த அட்டர்னி ஜெனரல். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, தன் நாற்காலிக்கு அடுத்து யார் வருவது என்ற தேர்தலின் கணக்குத் தாளில் எண்ணைத் திருத்த உட்கார்ந்திருக்கிறார்.

செய்த விதம் ரொம்பச் சாதாரணம். புதிதாக ஓட்டு எதையும் பெட்டியில் போடவில்லை. பட்டியலில் போர்ட்டர் பெயருக்கு நேரே இருந்த எண்களில் இலக்கத்தை மாற்றினார்கள். இங்கே நூறு, அங்கே நூறு என்று மொத்தம் சுமார் 600 வாக்குகள். பிரச்சினை என்னவென்றால், தேர்தல் ராத்திரியே பத்திரிகைக்காரர்கள் சாவடி வாரியாக எண்களை வாங்கி வைத்திருந்தார்கள். கமிட்டி அனுப்பிய தாளையும் தங்கள் கையில் இருந்ததையும் ஒப்பிட்டதும் உதைத்தது. பர்மிங்காம் கிராண்ட் ஜூரி விசாரணையில் இறங்கியது. பேட்டர்சனும் அங்கே போய்ச் சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில்தான் சுடப்பட்டார்.

அவ்வளவு செய்தும் 600 போதவில்லை என்பதுதான் வேடிக்கை.

---

கோர்ட் குமாஸ்தா

கொலை வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் பதிந்துவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இதைப் பற்றி எழுதுபவர்கள் "மூவருக்கும் தண்டனை" என்று அடித்துவிடுகிறார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூவர்: ஷெரிஃப் ஆபீஸின் தலைமை டெபுட்டி ஆல்பர்ட் ஃபுல்லர், ஆர்ச் ஃபெரல், சை காரெட். உள்ளூரில் நியாயமான ஜூரி கிடைக்காது என்று விசாரணை பர்மிங்காமுக்குப் போனது. 1955இல் ஃபுல்லருக்கு ஆயுள் தண்டனை. பத்து வருஷம் உள்ளே இருந்துவிட்டுப் பரோலில் வந்தார், கடைசிவரை நான் செய்யவில்லை என்றே சொன்னார். ஃபெரலை ஜூரி விடுதலை செய்தது. காரெட் கொலை நடந்த சில நாளில் டெக்சாஸில் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். வழக்கு ஆண்டுக்கணக்காகக் கிடந்து, 1963இல் கைவிடப்பட்டது. அவர் கூண்டில் ஏறவே இல்லை.

ஃபெரல் தப்பியது டெலிபோனால். அவரைச் சந்துப் பக்கம் பார்த்ததாக அரசுத் தரப்பு சாட்சி. அவர் சொன்னதோ, சுடப்பட்ட நேரத்தில் நீதிமன்றக் கட்டடத்தில் என் ஆபீஸில் உட்கார்ந்து டிரங்கால் பேசிக்கொண்டிருந்தேன் என்று. யாரோடு? பர்மிங்காம் ஹோட்டலில் இருந்த சை காரெட்டோடு! காரெட் அன்றைக்குப் பகல் முழுக்க கிராண்ட் ஜூரி முன்னால் நின்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவர். டெலிபோன் கம்பெனி பதிவு இருந்தது. எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் அந்தப் பதிவைத் தாண்டிப் போக ஜூரிக்கு மனசு வரவில்லை.

---

சின்னத்துரை77

கொலை நடக்கிற அதே நேரத்துல ரெண்டு குற்றவாளியும் ஒருத்தருக்கொருத்தர் போன்ல அலிபி! திட்டம் போட்டு வச்ச மாதிரி இல்ல?

---

கோர்ட் குமாஸ்தா

இருக்கலாம். திட்டம் போட்டு வைத்ததாக நீயும் நானும் நினைப்பது வேறு, ஜூரி முன்னால் நிரூபிப்பது வேறு. சட்டப்படி ஃபெரல் நிரபராதி. "குற்றவாளி" என்று எழுதாதே.

---

பீச்ட்ரீ குமார்

பட்டாளம் வந்த கதையை யாரும் சொல்லவில்லையே. கொலை நடந்த மறுநாளிலிருந்தே நேஷனல் கார்டு என்ற மாநிலப் பட்டாளம் வந்து நின்றது. ஆனால் அதிகாரம் உள்ளூர் போலீஸிடம்தான். ஒரு மாசம் ஆகியும் துப்பு நகரவில்லை. சாட்சி சொல்ல வருபவன் ஷெரிஃப் ஆபீஸ் வாசலைத் தாண்டித்தானே வர வேண்டும்? ஜூலை 22இல் கவர்னர் கார்டன் பெர்சன்ஸ் ராணுவ ஆட்சியை அறிவித்தார். ஜெனரல் வால்டர் ஹன்னாவின் ஆட்கள் போலீஸிடமும் டெபுட்டிகளிடமும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளப்புகளை உடைத்தார்கள். ஸ்லாட் மெஷின்களைக் குவித்து நொறுக்கிய படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. வெளியூரிலிருந்து நீதிபதியைக் கொண்டுவந்து, புது ஜூரி எடுத்து, நூற்றுக்கணக்கில் குற்றப்பத்திரிகை.

---

ஆற்றங்கரையான்

அந்த வெளியூர் நீதிபதியின் பெயரைக் குறித்து வையுங்கள்: வால்டர் பி. ஜோன்ஸ், மாண்ட்கோமரி.

காலியான வேட்பாளர் இடத்துக்குக் கட்சிக் கமிட்டி யாரைப் போட்டது என்பதையும் சொல்கிறேன். மகன் ஜான் பேட்டர்சன். வயது 32. அப்பாவோடு சேர்ந்து தொழில் செய்த வக்கீல், இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர். அனுதாபம் அலை அலையாக அடித்தது. நவம்பரில் ஜெயித்தார், 1955 ஜனவரியில் பதவி ஏற்றார். ஒரு விதத்தில் நன்றாக முடிந்த கதை. அப்பாவால் உட்கார முடியாத நாற்காலியில் மகன் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தை ஒழித்தார். ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் பதவி என்பதால்தான் இது முடிந்தது. கவர்னர் நியமிக்கும் பதவியாக இருந்திருந்தால் பேட்டர்சன் பெயரை எந்தக் கவர்னரும் எழுதியிருக்க மாட்டார் என்பது என் வாதம்.

---

மல்லிகா எஸ்

எந்த ஜனங்கள்?

1954 ஜூன் 1இல் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று இந்த இழையில் ஒருவர்கூட இதுவரை கேட்கவில்லை. 1901இல் அலபாமா எழுதிய அரசியல் சாசனம் கறுப்பர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியேற்றுவதற்காகவே எழுதப்பட்டது. எழுதியவர்களே அதை மேடையில் சொன்னார்கள். எழுத்தறிவுச் சோதனை, பதிவு அதிகாரி இஷ்டத்துக்குக் கேட்கும் கேள்வி, அதற்கு மேல் ஓட்டு வரி. வருஷத்துக்கு ஒன்றரை டாலர். கட்டாத வருஷத்துக்கெல்லாம் பாக்கி சேர்ந்துகொண்டே போகும், 1953இல்தான் அதை இரண்டு வருஷப் பாக்கியோடு நிறுத்தினார்கள். இந்த வரி ஏழை வெள்ளைக்காரர்களையும் வெளியே தள்ளியது. நவம்பர் ஓட்டுச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் சின்னம் சேவல். சேவலுக்கு மேலே என்ன அச்சடித்திருந்தார்கள் தெரியுமா? "வெள்ளையர் மேலாதிக்கம்." 1966இல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள்.

இரண்டு சுற்றுக்கும் இடையே மே 17இல் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. முதல் சுற்றில் ஓட்டுப் போட்டவர்கள் ஒரு உலகத்தில் போட்டார்கள், மறுசுற்றில் வேறு உலகத்தில். அதற்குப் பிறகு தென்மாநிலத்தில் எவர் ஓட்டுக் கேட்டுப் போனாலும் முதல் கேள்வி அதுதான். ஜான் பேட்டர்சன் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள், அப்புறம் "நன்றாக முடிந்த கதை" என்று சொல்லலாம்.

---

கோர்ட் குமாஸ்தா

மேடம் சொல்வதற்கு வழக்கு ஆதாரம் நான் தருகிறேன், எங்கள் தொழிலில் இது பிரபலமான தீர்ப்பு.

1956 ஜூன் 1. அப்பா ஜெயித்த மறுசுற்றுக்குச் சரியாக இரண்டு வருஷம். அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன் மாண்ட்கோமரி நீதிமன்றத்துக்குப் போனார். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமைச் சங்கம் நியூயார்க்கில் பதிவானது. வெளிமாநில நிறுவனமாக அலபாமாவில் முறைப்படி பதிவு செய்யவில்லை. எனவே இங்கே இயங்கக் கூடாது என்று தடை கேட்டார். சங்கம் அந்த மாநிலத்தில் 1918இலிருந்து கிளை வைத்திருக்கிறது. அத்தனை வருஷம் யாரும் கேட்காத கேள்வி, பஸ்ஸில் நிறப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பர்கள் நடத்திய மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு நடந்துகொண்டிருக்கும்போது கேட்கப்படுகிறது. எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே அன்றைக்கே தடை கிடைத்தது. கொடுத்த நீதிபதி யார்? ஆற்றங்கரையார் குறித்து வைக்கச் சொன்ன அதே வால்டர் பி. ஜோன்ஸ்.

அடுத்து, உறுப்பினர் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஒப்படை என்றார்கள். சங்கம் கணக்கு வழக்கு, நிர்வாகிகள் பெயர் எல்லாம் கொடுத்தது. சாதாரண உறுப்பினர் பட்டியலை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றது. பட்டியல் வெளியே போனால் வேலை போகும், வீடு எரியும். கோர்ட்டு அவமதிப்பு என்று பத்தாயிரம் டாலர் அபராதம், சில நாளில் அது ஒரு லட்சமாக ஏறியது. 1958 ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதியும் ஒரே குரலில் அபராதத்தை ரத்து செய்தார்கள். சங்கத்தில் சேரும் உரிமையோடு சேர்ந்ததுதான் யார் சேர்ந்தார்கள் என்பதை மறைக்கும் உரிமையும் என்பது தீர்ப்பின் சாரம். எழுதியவர் நீதிபதி ஹார்லன். ஆனால் அலபாமா நீதிமன்றங்கள் இழுத்தடித்ததில், சங்கம் மறுபடி அங்கே கதவு திறக்க 1964 ஆனது.

இப்போது ஆற்றங்கரையார் வாதத்துக்கு வருகிறேன். ஜனங்கள் தேர்ந்தெடுப்பதால்தான் நல்ல சட்ட அதிகாரி வந்தார் என்கிறீர்கள். அதே ஜனங்களிடம் அடுத்த தேர்தலில் ஓட்டு வேண்டும் என்பதால்தானே மகன் இந்த வழக்கைப் போட்டார்? 1958இல் அவர் கவர்னர் தேர்தலுக்கு நின்றபோது எதிரே நின்றவர் ஜார்ஜ் வாலஸ். க்ளூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் ஆதரவு பேட்டர்சனுக்கு. வாலஸ் தோற்றார். இனவெறியில் இனி யாருக்கும் குறைந்து போக மாட்டேன் என்று வாலஸ் முடிவு கட்டியதே அந்தத் தோல்வியில்தான்.

---

சின்னத்துரை77

அடப்பாவமே. ஷெரிஃபோட அராஜகத்தால அப்பாவை இழந்தவர், அதே மாதிரி ஷெரிஃபுகள் இன்னொரு ஜனத்தை மிதிக்கிறப்ப அவங்க பக்கம் நின்னிருக்காரே.

---

ஆற்றங்கரையான்

மல்லிகா மேடம், குமாஸ்தா சார், நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. 1961இல் ஜான் பேட்டர்சன் கவர்னராக இருந்தபோது, நிறப் பிரிவினையை எதிர்த்த சுதந்திரப் பயணிகள் பஸ்ஸில் வந்து அடிபட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கென்னடியின் போனைக்கூட எடுக்காமல் தட்டிக் கழித்தவர் அவர். பிற்காலத்தில் மனசு மாறினார், 2008இல் ஒபாமாவை ஆதரித்தார், 2021இல் 99 வயதில் இறந்தார். மாறியது அவருக்கு ஓட்டுத் தேவைப்படாத காலத்தில் என்பதும் உண்மை.

ஆனால் நியமனப் பதவி என்றால் சரியாக இருந்திருக்கும் என்கிறீர்களா? அன்றைய அலபாமாவில் யார் நியமித்திருப்பார்கள்? நீதிபதி ஜோன்ஸுக்கு அந்த வழக்கில் ஓட்டுப் பயம் என்று சொல்ல முடியாது, அவர் கொள்கையே அது. வாக்காளர் பட்டியல் அப்படி இருந்தால் தேர்தலும் கோணல், நியமனமும் கோணல். ஃபீனிக்ஸ் சிட்டிக்காரர்களுக்கு வேறு வழி எதுவுமே இருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். ஷெரிஃபைத் தேர்தலில் தோற்கடிக்க முடியாது, சொலிசிட்டரை முடியாது, நகரசபையை முடியாது. மாநிலம் முழுக்க ஓட்டு விழும் ஒரு பதவி மட்டும் அந்தக் கூட்டத்தின் கை எட்டாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. 600 போதாமல் போனது அதனால்தான்.

---

பீச்ட்ரீ குமார்

இந்தப் பதவி கவர்னர் நாற்காலிக்குப் படிக்கட்டு என்பது அலபாமாவில் மட்டும் இல்லை. பில் கிளின்டன் 1976இல் ஆர்கன்சாவின் அட்டர்னி ஜெனரல், 1978இல் கவர்னர். நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸும் 2010இல் கலிபோர்னியாவில் இதே தேர்தலில்தான் முதன்முதலாக மாநிலம் முழுக்க ஓட்டுக் கேட்டார். எதிரே ஸ்டீவ் கூலி. தேர்தல் ராத்திரியே கூலி ஜெயித்துவிட்டதாக அறிவித்தார். தபால் ஓட்டு எண்ண எண்ணக் கணக்கு மாறி, மூன்று வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஹோட்டல் அறை, இலக்கத் திருத்தம் எதுவும் இல்லாமல் நிதானமாக எண்ணினார்கள்.

---

மல்லிகா எஸ்

ஆற்றங்கரை சார், பட்டியல் கோணலாக இருந்தால் எல்லாமே கோணல் என்று சொன்னீர்களே, அதோடு நான் ஒத்துப் போகிறேன். பட்டியல் மாறியதும் அதே பதவியில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம்.

ஜான் பேட்டர்சனுக்கு அடுத்து 1959இல் வந்தவர் மெக்டொனால்ட் கேலியன், 1954 முதல் சுற்றில் வெளியேறியவரே. 1963இல் ரிச்மண்ட் ஃப்ளவர்ஸ் வந்தார். வயோலா லியூஸோ என்ற பெண்ணை 1965இல் கறுப்பர் வாக்குரிமைக்கான செல்மா ஊர்வலத்துக்குப் பிறகு க்ளான்காரர்கள் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள் அல்லவா? முதல் விசாரணையில் ஜூரி முடிவுக்கு வரவில்லை. மறு விசாரணையை உள்ளூர் சொலிசிட்டரிடம் விடாமல் ஃப்ளவர்ஸ் தானே போய் நடத்தினார். குமாஸ்தா சார் மேலே சொன்ன அதே அதிகாரம், ஃபீனிக்ஸ் சிட்டிக் கூட்டம் எதற்குப் பயந்ததோ அதேதான். அப்போதும் ஜூரி குற்றவாளியை விட்டுவிட்டது.

1966இல் அவர் கவர்னருக்கு நின்றார். வாக்குரிமைச் சட்டம் வந்து முதல் தடவையாகக் கறுப்பர்கள் பெருமளவில் பட்டியலில் ஏறியிருந்தார்கள். அவர்களிடம் வெளிப்படையாகப் போய் ஓட்டுக் கேட்டார். எதிரே நின்றவர் வாலஸின் மனைவி லர்லீன். ஃப்ளவர்ஸ் படுதோல்வி. நாற்காலிக்கு மறுபடி கேலியன் வந்தார்.

---

கோர்ட் குமாஸ்தா

சேர்த்து இதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு தியாகி உருவாகிவிடுவார்: 1969இல் அதே ரிச்மண்ட் ஃப்ளவர்ஸ், பதவியில் இருந்தபோது பணம் பறித்ததாக ஃபெடரல் கோர்ட்டில் தண்டனை வாங்கினார். அரசியல் பழிவாங்கல் என்று அவர் தரப்பு சொன்னது.

---

மல்லிகா எஸ்

தெரியும் சார். பிறகு ஜனாதிபதி கார்ட்டர் மன்னிப்பு வழங்கினார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

---

சின்னத்துரை77

யப்பா, ஒரு ஆள் விடாம எல்லாருக்கும் ஒரு கேஸ் இருக்கு. ஆற்றங்கரை அண்ணே, அந்த லமார் ரீட் கதை பாதியில நிக்குது. ஹோட்டல் ரூமுக்குப் போன ஆள் கடைசியில என்ன பண்ணாரு?

---

ஆற்றங்கரையான்

கிராண்ட் ஜூரி முன்னால் போய் நடந்ததைச் சொன்னார் தம்பி. யார் கூப்பிட்டார்கள், அறையில் யார் இருந்தார்கள், எந்த எண்ணை எப்படி மாற்றினோம் என்பதுவரை. நாம் இன்றைக்கு அந்த ஹோட்டல் அறையைப் பற்றிப் பேச முடிவதே அதனால்தான். சை காரெட் பத்து மணி நேரம் அந்த ஜூரி முன்னால் நின்றது அதற்குப் பிறகு, ஜூன் 18 பகலில்.